கரண்டி யார் கையில்?

"சபை எலெக்‌ஷன் வருது, யாருக்குப் போட?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன அசன விருந்தில் கடைசிப் பந்திக்குப் பரிமாறியது யார்? பாதிப் பேருக்கு நினைவிருக்காது. முதல் பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் இலை வரிசை மாறாமல் நினைவிருக்கும்.

குமரி மாவட்டத்துச் சபை ஒன்றில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆராதனை முடிந்து, காணிக்கை ஏலமும் முடிந்து பந்தி போடும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். முதல் இரண்டு பந்திக்குக் கறி தாராளமாக விழும். மூன்றாவதில் கரண்டி சுருங்கும். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் சமைத்தவர்கள், பந்தல் கட்டியவர்கள், பாத்திரம் கழுவுகிற பெண்கள், வாசலோரம் தயங்கி நிற்கிற வீட்டார். அண்டாவை எட்டிப் பார்த்து, அவர்களுக்கென்று ஒரு வாளிக் கறியை முன்கூட்டியே எடுத்து மூடி வைக்கிற ஆள் ஒருவரோ இருவரோ எல்லாச் சபையிலும் உண்டு. அந்த ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சீட்டுக் குலுக்காமல் சபையார் கூடி ஊழியக்காரரைத் தெரிந்தெடுத்த முதல் சம்பவமே பந்திச் சண்டையில் பிறந்ததுதான். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் சபையில் தினமும் நடந்த பந்தி விசாரணையில், கிரேக்கம் பேசுகிறவர்களின் விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் "அப்படி ஒன்றும் இல்லை" என்று மழுப்பவில்லை. குறை சொன்னவர்களைக் கூப்பிட்டு அதட்டவும் இல்லை. ஏழு பேரைப் பார்த்துத் தெரிந்தெடுங்கள் என்று மொத்தச் சபையிடமும் சொன்னார்கள். நிபந்தனை மூன்று: ஊரில் நல்ல பெயர், ஆவியின் நிறைவு, ஞானம். தெரிந்தெடுத்தது சபை, ஜெபம்பண்ணிக் கைகளை வைத்தது அப்போஸ்தலர்கள்.

அதற்குப் பின்னால் வரும் பெயர்ப் பட்டியலை நாம் வாசித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர். பெயரை வைத்து முழுதாக முடிவு செய்ய முடியாது என்றாலும், யாருடைய இலையில் சோறு விழவில்லையோ அவர்களுடைய ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது. எண்ணிக்கையில் பெரிய கூட்டம், எண்ணிக்கையில் சிறிய கூட்டத்தை நம்பித் தன் சாப்பாட்டையும் ஒப்படைத்தது. நம்முடைய சபைகளில் இப்படி ஒரு தேர்தல் முடிவு வந்து பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே முதல் பயிற்சி. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால், பெயர்களை எழுதாதீர்கள், குறைகளை எழுதுங்கள். யார் வீட்டுக்குப் போதகர் போய் வருடமாயிற்று, கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு அலைந்தது யார், யார் வீட்டுப் பிள்ளைக்குப் பாடகர் குழுவில் இடமில்லை, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பத்து வீட்டாருக்கு வீட்டுக்கூட்டம் ஏன் நடப்பதில்லை? இந்தப் பட்டியல் உண்மையாக இருந்தால், எந்த மாதிரி ஆள் வேண்டும் என்பது தானாகத் தெரியும். பெயரில் தொடங்கினால் சண்டையில்தான் முடியும்.

ஒரு வார்த்தை நடைமுறை பற்றி. சென்னையில் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மொழிவாரி மாநிலப் பிரிப்பில் 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1959இல் கன்னியாகுமரி தனிப் பேராயமானது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். சபையார் தங்கள் கமிட்டியைத் தெரிந்தெடுக்கிறார்கள். அங்கிருந்து பிரதிநிதிகள் மேலே பேராயப் பேரவைக்குப் போகிறார்கள். பேராயர் தேர்வு வரும்போது அந்தப் பேரவை ஓட்டுப் போட்டுச் சில பெயர்களைத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடுக்கு அனுப்ப, சினாடு அதில் ஒருவரை நியமிக்கிறது. ஓட்டுக்கூரைச் சபை ஒன்றில் இருபது பேர் கைதூக்கிச் செய்கிற காரியம் படியேறிப் பேராயர் நாற்காலி வரைக்கும் போகிறது. "சின்ன எலெக்‌ஷன்தானே" என்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

மயிலாடியில் 1816

சபையார் தெரிந்தெடுக்கும் இந்தப் பழக்கம் நமக்கு லண்டன் மிஷன் வழியாக வந்தது என்று பெருமையாகச் சொல்வோம். அந்த மிஷனின் குமரிக் கதையிலேயே தலைமை கைமாறிய முதல் நிகழ்ச்சியைப் பாருங்கள்.

மயிலாடியில் மகாராசன் என்றொருவர். சாம்பவர் சமூகம். தஞ்சாவூருக்குப் போன இடத்தில் சுவிசேஷம் கேட்டு ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். சொந்த ஊரில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்தார், எதிர்ப்பைத் தாங்கினார், மிஷனரி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான், 1806இல், வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. ரிங்கல்தௌபே லேசில் திருப்தியடைகிற ஆள் அல்ல. சலுகைக்காக வருகிறவர்களை மோப்பம் பிடிப்பார்; ஞானஸ்நானத்துக்கு அவசரப்பட மாட்டார்; தன் சம்பளத்தையும் பெரும்பாலும் பிறருக்குக் கொடுத்துவிட்டுக் கந்தலில் திரிந்தவர். உடல்நலம் குன்றி 1816இல் அவர் கிளம்பும்போது பதிலாள் வந்து சேரவில்லை. சபைகளை யார் கையில் கொடுப்பது?

வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்தார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் 1818இல் வந்து சேரும்வரை ஏறக்குறைய இரண்டு வருடம், வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லாமல், அவர் பொறுப்பில் சபைகள் நின்றன. அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டில், மேல்சாதியார் நடக்கும் தெருவில் நடக்க உரிமையில்லாத ஒருவர் கையில்.

இதில் நாம் பார்க்க வேண்டியது ரிங்கல்தௌபேயின் தாராள மனசை மட்டும் அல்ல. பத்து வருடம் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். யூதாசின் இடத்துக்கு ஆள் தேடும்போது பேதுரு வைத்த நிபந்தனையும் அதுதான்: யோவான் ஸ்நானன் காலந்தொட்டு நம்மோடு கூட நடந்தவனாயிருக்க வேண்டும். மேடைப் பேச்சைக் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுத்ததாக அங்கே இல்லை. இன்று மயிலாடி ஆலயத்தின் பெயரில் இரண்டு பேரும் சேர்ந்தே நிற்கிறார்கள். ஆனால் வேதமாணிக்கத்தின் சமூகத்தார் இன்று எத்தனை சபைக் கமிட்டிகளில் செயலராகவோ பொருளாளராகவோ இருக்கிறார்கள் என்று உங்கள் சேகரத்தில் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்த இடங்களில் விரல்கள் மிஞ்சின.

"நம்ம ஆளு"

இனி எதிர்ப்பக்கம். தேர்தல் வாரத்தில் உங்கள் வீட்டு முற்றத்தில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"மக்கா, மாமா நிக்கேன். நம்ம குடும்பத்துலேந்து ஒருத்தன் உள்ள இருக்கணும்லா? ஓட்டு மாறிராத, என்னா?"

வேதாகமத்தில் இதே பேச்சைப் பேசியவன் ஒருவன் உண்டு. கிதியோனின் மகன் அபிமெலேக்கு. நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரம். அவன் சீகேமுக்குப் போய், தாய்வழிச் சொந்தக்காரர்களைப் பிடித்து, நான் உங்கள் எலும்பும் மாம்சமுமானவன் என்று ஊரெல்லாம் சொல்லச் சொன்னான். ஊர் மனசு சாய்ந்தது. பாகால்பேரீத்தின் கோவில் பணத்திலிருந்து எழுபது வெள்ளிக்காசு எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் காசில் வீணரைக் கூலிக்குப் பிடித்து, அவன் செய்த முதல் வேலை சொந்தச் சகோதரரைக் கொன்றது. சொந்தம், கோவில் பணம், கூலிக்கு ஆள்: மூன்றும் ஒரே அதிகாரத்தில் வரிசையாக வருகின்றன. அவன் ஆட்சி மூன்று வருடம் நடந்தது என்றும் எழுதியிருக்கிறது. நம்முடைய தேர்தல் சுழற்சியும் மூன்று வருடம் என்பது தற்செயல்தான். ஆனாலும் வாசிக்கும்போது உறுத்தும்.

தப்பிப் பிழைத்த தம்பி யோதாம் கெரிசீம் மலைமேல் ஏறி நின்று ஒரு கதை சொல்கிறான். மரங்கள் ராஜாவைத் தேடின. ஒலிவமரம் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்றது. அத்திமரம் பழத்தை விட்டு வரமாட்டேன் என்றது. திராட்சச்செடியும் அப்படியே. கடைசியில் முட்செடியிடம் போனால், என் நிழலில் வந்து ஒதுங்குங்கள் என்றது. முள்ளுக்கு ஏது நிழல்? நம்மூரில் சொல்வதானால் பலாவும் புளியும் மறுத்துவிட, தொட்டாவாடி முடிசூடிக்கொண்ட கதை.

இந்தக் கதையை முட்செடியைத் திட்டுவதற்கு மட்டும் பிரசங்கங்களில் எடுக்கிறார்கள். எனக்கு ஒலிவமரத்தின் மேல்தான் வருத்தம். சபையில் கணக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், நாலு பேர் மதிக்கிற நர்ஸ், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு மாலையில் நோயாளி வீடுகளுக்கு நடக்கிறவர், இவர்களைக் கேட்டால் "அரசியல் நமக்கு வேண்டாம்" என்பார்கள். நல்லவர்கள் ஒதுங்குவது அடக்கம் என்று நாம் பாராட்டவும் செய்கிறோம். அப்படிப்பட்ட இரண்டு பேர் வீட்டுக்குத் தேர்தலுக்கு நான்கு மாதம் முன்னாலேயே போங்கள். தனியாகப் போகாமல் மூன்று பேராகப் போங்கள். முடியாது என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடியும் போங்கள்.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? நம் ஊரில் முகத்துக்கு நேராக மறுப்பது லேசல்ல. கல்யாணத்திலும் சாவிலும் அதே மாமா முகத்தில் விழிக்க வேண்டும். ஓர் அக்கா சொன்ன பதிலை நான் பலருக்குக் கடன் கொடுத்திருக்கிறேன்: "மாமா, உங்க வீட்டு விசேசத்துக்கு நாந்தான் முதல்ல வந்து நிப்பேன். ஓட்டு மட்டும் ஜெபிச்சு நானே பாத்துப் போடுறேன்." இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

விசாரிக்க வேண்டிய இடங்கள்

1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தைத் தேர்தல் ஞாயிறில் எல்லா ஆலயத்திலும் வாசிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் பைபிளை மூடிவிட்டு அணிச் சீட்டைத் திறக்கிறார்கள். அந்த அதிகாரம் உண்மையில் விசாரணைக்குரிய பட்டியல். எங்கே விசாரிப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது.

புறம்பானவர்களிடத்தில் நற்சாட்சி வேண்டும் என்கிறார் பவுல். சபைக்கு வெளியே போய்க் கேளுங்கள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்திடம் கேட்கலாம். சாயாக்கடையில் கேட்கலாம். முக்கியமாக, அவரிடம் கூலிக்கு நிற்கிறவர்களிடம் கேளுங்கள். தேங்காய் வெட்டுகிறவருக்கு அன்றைக்கே காசு கிடைக்கிறதா, பால்வெட்டுக் கூலி தவணை தவறுகிறதா? கூலியைப் பிடித்துவைப்பவரைப் பற்றி யாக்கோபு எழுதியதை அறிந்த சபை, அவரைப் பொருளாளராக்கக் கூடாது.

பண ஆசை இல்லாதவன் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? குமரிச் சபைகளுக்கு ஓர் அருமையான கருவி இருக்கிறது: ஏலப் பாக்கி. ஒரு மட்டிக்குலையை ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டு, அடுத்த பண்டிகை வரை பணம் கட்டாத பெரிய மனிதர்கள் உண்டு. பாக்கிப் பட்டியலைப் பாருங்கள். ஏழையின் பாக்கியை விடுங்கள். நான் சொல்வது கைதட்டு வாங்கியவரின் பாக்கியை.

வீட்டை நன்றாக நடத்துகிறவனாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் அதிகம் கெடுத்து வைத்திருக்கிறோம். மகள் வேறு சாதியில் கல்யாணம் முடித்தாள், மகன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று ஒரு நல்ல ஆளை வெட்டுவதற்கு இந்த வசனம் கோடாலியாகிறது. வளர்ந்த பிள்ளையின் முடிவுக்கு அப்பனைத் தண்டிக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அவர் முன்னால் பயமில்லாமல் வாய் திறக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லாதவர் கமிட்டியிலும் எதிர்ப்பேச்சைத் தாங்கமாட்டார். தியோத்திரேப்பு என்றொருவர் மூன்றாம் யோவானில் வருகிறார். முதன்மையாயிருக்க விரும்பினார் என்பதுதான் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த முதல் செய்தி.

உதவிக்காரர் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. நம்மூரில் சோதனைக்கு வேலைகளுக்கா பஞ்சம்? ஏலக் கணக்கு, விடுமுறை வேதாகமப் பள்ளி, கல்லறைத் தோட்டம் வெட்டித் துப்புரவாக்குவது, கன்வென்ஷன் பந்தல். இளைஞர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். கணக்கை அடுத்த ஞாயிறே கொண்டுவந்து வைக்கிறவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்களைக் குறித்துத் தனியாக ஒரு தலைப்புப் போடவில்லை; போட்டால் ஒதுக்கீடு என்று புரட்டிப்போய்விடுவீர்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைப் பவுல் ரோமருக்குச் சிபாரிசு செய்து எழுதினார். பெண்கள் ஐக்கியத்தின் கணக்கையும் சபைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் உங்களுக்கே தெரியும், பொருளாளர் எங்கே இருக்கிறார் என்று.

அணியும் சீட்டும்

அணி அணியாக நின்று ஓட்டுக் கேட்பது ஆளைப் பார்த்துத் தெரிந்தெடுப்பதற்கு நேர் எதிரானது. பன்னிரண்டு பெயரை மொத்தமாக வாங்கினால், நான்கு நல்லவர்களின் முதுகில் எட்டுப் பேர் ஏறி வருவார்கள். அணிச் சீட்டு கையில் வந்தாலும் பெயர் பெயராகப் பாருங்கள். ஐந்து பேரைத்தான் மனசாரத் தெரியும் என்றால் ஐந்து பேருக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

சாப்பாடு, வண்டி, கவர் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வாங்காதீர்கள்.

சீட்டுக் குலுக்குவதைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தானே எடுத்தார்கள்? ஆமாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பெயரையும் போடவில்லை. முதலில் தகுதி பார்த்து இரண்டு பேரை நிறுத்தினார்கள், பிறகு ஜெபம், பிறகு சீட்டு. எகிப்தின் காப்டிக் சபையில் இன்றும் ஏறக்குறைய இதே வழி. ஓட்டுப் போட்டு மூன்று பேராகச் சுருக்கி, கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனைச் சீட்டெடுக்கச் சொல்கிறார்கள். 2012 நவம்பரில் இரண்டாம் தவாத்ரோஸ் பாப்பரசராக வந்தது அப்படித்தான்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இன்னும் ஒரு படி கறாரானது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது வரம்பு 35 முதல் 70. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இல்லை, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. அது பிராமணர் சபை. அதன் மற்ற நிபந்தனைகள் நமக்கு ஒத்துவராது. கணக்குக் காட்டாதவனின் மச்சானுக்கும் சீட்டு இல்லை என்ற அந்த ஒரு விதியை மட்டும் நம் சபை விதிப் புத்தகத்தில் ஒட்டினால், பல கமிட்டிகளில் பாதி நாற்காலி காலியாகும்.

கத்தோலிக்கச் சகோதரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் ஒன்று உண்டு. கோட்டாறு மறைமாவட்டத்தில் பங்குமக்களைச் சில பத்து வீடுகள் கொண்ட அன்பியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பங்குப் பேரவைக்கு ஆட்கள் அங்கிருந்து வருகிறார்கள். மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன யோசனையும் இந்த அளவில்தான் தொடங்குகிறது: பத்துப் பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர். பத்து வீட்டுக்குள் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. பெரிய சபைகள் வீட்டுக்கூட்டப் பகுதிவாரியாகப் பெயர்களைக் கேட்டு வாங்கலாம். ஓட்டு வழக்கம்போல் பொதுவில் நடக்கட்டும்.

எண்ணி முடித்த பிறகு

முடிவை வாசித்ததும் வெடி போடுகிற சபையும் உண்டு. வேண்டாம். அன்று மாலைக்குள் செய்ய வேண்டியது சாவி, கணக்குப் புத்தகம், வங்கிப் புத்தகம், பாக்கிப் பட்டியல் நான்கையும் எழுதி வாங்குவது. சாமுவேல் பதவி விடும்போது மக்கள் முன்னால் நின்று, யார் மாட்டை எடுத்தேன், யாரிடம் கைக்கூலி வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார். பழைய பொருளாளருக்கும் அப்படி நின்று கேட்க ஒரு வாய்ப்பைப் புதிய கமிட்டி கொடுக்க வேண்டும். கேள்வியோடு வருகிறவரை ஓரங்கட்டவும் கூடாது.

காணிக்கையை அன்றன்றே வெஸ்ட்ரியில் வைத்து, உறவில்லாத இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். எருசலேமுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்னால் யோக்கியமாயிருந்தால் போதாது, மனுஷருக்கு முன்னாலும் அப்படித் தெரிய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். "என்னையே சந்தேகப்படுதியளா?" என்று கோபப்படுகிற பொருளாளரிடம் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுங்கள்.

தோற்றவரைப் பற்றி. மத்தியாவோடு நின்று சீட்டு விழாமல் போன யோசேப்பு யுஸ்து, அதன் பிறகு என்ன செய்தார் என்று வேதம் சொல்லவில்லை. நம் சபைகளில் என்ன நடக்கும் என்று தெரியும்: ஒரு வருடம் ஆலயத்துக்கு வரமாட்டார், பிறகு வழக்கோ, புதுச் சபையோ. ஆகவே வென்றவர் முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போனில் பேசுவது கணக்கில் வராது. கட்டஞ்சாயா கொடுத்தால் குடித்துவிட்டு, வரப்போகிற அசனத்துக்குக் கலவறைப் பொறுப்பை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு வர வேண்டும். அவர் அன்றைக்குச் சம்மதிக்கமாட்டார். பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறது.